டிக்கெட் ஒருவருடையது, விமானம் இன்னொருவருடையது

பெரிய விமான நிறுவனத்தின் பெயரைப் பார்த்து டிக்கெட் வாங்குகிறோம். அந்தப் பெயருக்காகவே நாலு காசு கூடவும் கொடுக்கிறோம். ஆனால் வந்து சேரும் இ-டிக்கெட்டில், விமான எண்ணுக்குக் கீழே, பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும்: இந்த விமானத்தை இயக்குபவர் இன்னார். அந்த இன்னார் பல சமயம் அதே குழுமத்தின் மலிவுக் கட்டண நிறுவனமாக இருக்கும், அல்லது ஒப்பந்தம் போட்டுக்கொண்ட வேறொரு மலிவுக் கட்டண நிறுவனமாக இருக்கும். விமானம் நேரத்துக்குக் கிளம்பிவிட்டால் அந்த வரியை யாரும் படிக்கப் போவதில்லை. ஐந்து மணி நேரம், எட்டு மணி நேரம் என்று இழுக்க ஆரம்பிக்கும்போதுதான் அது முக்கியமாகிறது. அன்று ராத்திரி நமக்குச் சாப்பாடு யார் தருவது, அடுத்த விமானத்துக்கு யார் மாற்றித் தருவது என்பதெல்லாம் அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது.

இதை எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்காக அல்ல, நம் வீட்டுப் பெரியவர்களுக்காக. மகள் பிரசவத்துக்கு, பேரப்பிள்ளையைப் பார்க்க என்று முதன்முதலாக விமானம் ஏறும் அப்பா அம்மாக்கள் இப்போது ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். டிக்கெட் போடுவது மெல்போர்னிலோ டொராண்டோவிலோ இருக்கும் பிள்ளை. கவுண்டரில் நிற்பது எழுபதை நெருங்கும் அம்மா. விமானம் தாமதம் என்றால், எந்தக் கவுண்டரில் எதைக் கேட்பது என்று அவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள்.

முதலில் இந்தக் கூட்டு எப்படி நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். ஒரு நிறுவனம் இயக்கும் விமானத்தில் இன்னொரு நிறுவனம் தன் எண்ணைப் போட்டு டிக்கெட் விற்பதைத்தான் கோட்ஷேர் என்கிறார்கள். சிங்கப்பூர் ஏர்லைன்ஸுக்கு ஸ்கூட், குவாண்டாஸுக்கு ஜெட்ஸ்டார், ஏர் இந்தியாவுக்கு ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ், ஏர் பிரான்ஸ்-கேஎல்எம் குழுமத்துக்கு டிரான்சேவியா. இவையெல்லாம் ஒரே குடும்பம். எமிரேட்ஸும் ஃப்ளைதுபாயும் 2017 முதல் கைகோத்திருக்கின்றன. இண்டிகோவும் டர்கிஷ் ஏர்லைன்ஸும் 2018-ல் ஒப்பந்தம் போட்டன; இவை இரண்டும் வேறு வேறு வீடு. திருச்சிக்காரர்களுக்கும் கோவைக்காரர்களுக்கும் இது புதிதல்ல. திருச்சிக்குப் பறந்துகொண்டிருந்த டைகர்ஏர் 2017-ல் ஸ்கூட்டோடு இணைந்தது. கோவைக்கு வந்துகொண்டிருந்த சில்க்ஏர் சேவையும் பிறகு ஸ்கூட்டின் கைக்குப் போனது.

இந்த ஏற்பாட்டை நான் குறை சொல்ல மாட்டேன். பெரிய நிறுவனங்கள் எல்லா ஊருக்கும் தாங்களே வந்துவிடாது. மலிவுக் கட்டணக் கூட்டாளி இருப்பதால்தான் பல ஊர்க்காரர்கள் சென்னை வரை பஸ்ஸிலும் ரயிலிலும் ராத்திரி முழுக்க உட்கார்ந்து வராமல், பக்கத்து விமான நிலையத்திலேயே பெட்டியைப் போட்டுவிட்டுப் போக முடிகிறது. ஒரே டிக்கெட்டில் அங்கிருந்து உலகத்தின் மறுமுனை வரைக்கும் போகிறார்கள். நல்ல விஷயம்தான். என் கோபமெல்லாம் தாமதம் வந்ததும் இரண்டு நிறுவனங்களும் ஒன்றையொன்று கைகாட்டுவதில்தான்.

மலிவுக் கட்டண விமானங்களில் தாமதம் ஏன் இப்படி நீண்டுகொண்டே போகிறது என்று தெரிந்துகொண்டால் பாதிப் பதற்றம் குறையும். அவர்களுடைய கணக்கே விமானத்தைத் தரையில் நிற்க விடக்கூடாது என்பதுதான். வந்து இறங்கி, ஆட்களை இறக்கி, கூட்டிப் பெருக்கி, அடுத்த கூட்டத்தை ஏற்றிக்கொண்டு அரை மணி நேரத்துக்குள் கிளம்பிவிட வேண்டும். ஒரே விமானம் ஒரு நாளில் ஐந்தாறு நடை போகும். ஊர்ப் பக்கம் மினி பஸ் காலை முதல் டிரிப்பில் பத்து நிமிஷம் பிந்தினால் சாயங்கால டிரிப்பில் எவ்வளவு பிந்தும் என்பது நமக்குத் தெரியும், இதுவும் அதேதான். காலையில் எங்கோ கொச்சியில் பெய்த மழை, ராத்திரி சென்னையில் நிற்கும் நம்மை வந்து தாக்குகிறது. அதனால் முடிந்தவரை நாளின் முதல் விமானத்தை எடுங்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். முந்தின ராத்திரியே அந்த விமானம் வந்து நின்றிருக்க வாய்ப்பு அதிகம்.

அடுத்தது உபரி விமானம். ஒன்று பழுதானால் மாற்றாக இன்னொன்றை நிறுத்தி வைத்திருப்பது செலவு. மலிவுக் கட்டண நிறுவனத்தில் அது மிகக் குறைவு. போதாக்குறைக்கு பிராட் அண்ட் விட்னி எஞ்சின் பிரச்சினை. எஞ்சின் பாகங்கள் செய்யப் பயன்பட்ட உலோகத் தூளில் கோளாறு இருப்பது 2023 ஜூலையில் வெளியே வந்தது. உலகம் முழுக்க ஏர்பஸ் ஏ320நியோ வகை விமானங்களின் எஞ்சின்களைக் கழற்றிச் சோதிக்க வேண்டியதாயிற்று. இண்டிகோவில் டஜன் கணக்கில் விமானங்கள் தரையில் நின்றன. அதற்கு முன்பே, அதே ஆண்டு மே மாதம், இதே நிறுவனத்தின் எஞ்சின்கள் சரியான நேரத்தில் கிடைக்கவில்லை என்று சொல்லிக் கோ ஃபர்ஸ்ட் தன் பறத்தலையே நிறுத்திக்கொண்டது.

மூன்றாவது, பைலட்டின் வேலை நேரம். விமானம் தயாராக நிற்கும், ஆனால் பைலட்டுக்கு அன்றைய பணி நேரம் முடிந்திருக்கும். அதற்கு மேல் அவர் ஓட்டக்கூடாது. ஓட்டச் சொல்லி நாம் கத்தவும் கூடாது, நம் உயிர் அது. 2025-ல் இந்தியாவில் பைலட்டுகளுக்கான ஓய்வு விதிகள் இறுகின. வாரத்துக்கு 36 மணி நேரமாக இருந்த ஓய்வு 48 மணி நேரம் ஆனது, ராத்திரி தரையிறக்கங்களுக்கும் கட்டுப்பாடு வந்தது. அதற்குத் தகுந்த ஆள்பலம் இல்லாமல் டிசம்பரில் இண்டிகோ என்ன பாடுபட்டது, பயணிகளை என்ன பாடுபடுத்தியது என்று நாடே பார்த்தது. டிசம்பர் 5-ஆம் தேதி ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்கள் ரத்து. கல்யாணத்துக்குப் போக வேண்டியவர்கள், இறுதிச் சடங்குக்குப் போக வேண்டியவர்கள் எல்லாம் பெட்டி மலைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார்கள்.

சரி, நம் விமானம் எப்போது கிளம்பும் என்று எப்படித் தெரிந்துகொள்வது? குறுஞ்செய்தியை நம்பாதீர்கள். அதில் ஒரு மணி நேரம், இன்னும் ஒன்றேகால் மணி நேரம் என்று தவணை தவணையாகத்தான் வரும். ஃப்ளைட்ரேடார்24 போன்ற செயலியில் உங்கள் விமான எண்ணைப் போட்டால் பல நேரம் எந்த விமானம் வரப்போகிறது என்று அதன் பதிவு எண்ணோடு காட்டும். இந்திய விமானம் என்றால் விடி என்று தொடங்கும், சிங்கப்பூர் என்றால் 9வி, மலேசியா என்றால் 9எம். அந்த விமானம் இப்போது எங்கே இருக்கிறது என்று பாருங்கள். இரண்டு மணி நேரத் தொலைவில் இன்னொரு ஊரில் தரையில் நிற்கிறது என்றால், இரண்டு மணி நேரம் போக இன்னும் முக்கால் மணியாவது சேர்த்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்னால் உங்கள் விமானம் கிளம்பவே முடியாது, அறிவிப்புப் பலகையில் என்ன எழுதியிருந்தாலும் சரி. இந்த ஒரு தகவல் கையில் இருந்தால், கூட்டம் கவுண்டரை மொய்ப்பதற்கு முன்னால் நீங்கள் போய் நிற்கலாம்.

எங்களுக்கு அப்படித்தான் ஆனது. சித்தியை அழைத்துக்கொண்டு ஐரோப்பா போய்க்கொண்டிருந்தேன். சித்திக்குச் சர்க்கரை உண்டு, முழங்கால் வலி வேறு. ஒரே டிக்கெட். சென்னையிலிருந்து வடக்கே ஒரு பெரிய விமான நிலையம் வரை மலிவுக் கட்டணக் கூட்டாளி. அங்கிருந்து பெரிய நிறுவனம். ராத்திரி 8.40-க்குக் கிளம்ப வேண்டியது. 9.50 என்றார்கள். பிறகு 11.15. பிறகு 12.30. மணி பத்தரைக்குச் செயலியில் பார்க்கிறேன், எங்களை ஏற்ற வேண்டிய விமானம் இன்னும் வேறு ஊரில்தான் நிற்கிறது. கனெக்‌ஷன் போய்விட்டது என்று அப்போதே புரிந்துவிட்டது.

கவுண்டரில் இருந்த பெண்ணுக்கு இருபத்திரண்டு வயது இருக்கலாம். “சார், நீங்க டிக்கெட் எடுத்தது அவங்ககிட்ட. அடுத்த ஃப்ளைட்டுக்கு எங்களால ஒண்ணும் பண்ண முடியாது, அவங்களைத்தான் கேக்கணும்.” பெரிய நிறுவனத்தின் கஸ்டமர் கேருக்குப் போன் போட்டால் அங்கே வேறு பாட்டு. “இந்த விமானத்தை இயக்குறது எங்க பார்ட்னர். தாமதத்துக்கு அவங்கதான் பொறுப்பு சார்.”

இரண்டுமே பாதி உண்மை. அந்தப் பாதியைப் பிரித்தெடுக்கத் தெரிந்தால் போதும், வேலை நடக்கும். இன்று ராத்திரிச் சாப்பாடு, தகவல், ஹோட்டல் தேவைப்பட்டால் ஹோட்டல்: இவை விமானத்தை இயக்குபவரிடம் கேட்க வேண்டியவை. அடுத்த விமானத்துக்கு மாற்றுவது, பணத்தைத் திருப்புவது: இவை டிக்கெட்டை விற்றவரிடம் கேட்க வேண்டியவை. அந்தப் பெண்ணிடம் நான் சண்டை போடவில்லை. “கனெக்‌ஷனை நான் அவங்ககிட்ட பேசிக்கிறேன்மா. இந்த ஃப்ளைட் எத்தனை மணிக்குக் கிளம்பும்னு உங்க சிஸ்டத்துல இருக்கோ அதை மட்டும் எனக்கு மெயில்ல அனுப்புங்க. இல்லாட்டி டியூட்டி மேனேஜரைக் கூப்பிடுங்க” என்றேன். மேனேஜர் வந்தார். பத்து நிமிஷத்தில் மெயிலும் வந்தது.

அதைக் கையில் வைத்துக்கொண்டு மறுபடியும் கஸ்டமர் கேர். இந்த முறை பி.என்.ஆர். சொல்லவில்லை, பதின்மூன்று இலக்க டிக்கெட் எண்ணைச் சொன்னேன். அதன் முதல் மூன்று இலக்கமே டிக்கெட் யாருடையது என்று சொல்லிவிடும். ஏர் இந்தியா என்றால் 098, சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 618, எமிரேட்ஸ் 176, ஸ்ரீலங்கன் 603. “டிக்கெட் உங்களுடையது. ஒரே டிக்கெட். கனெக்‌ஷன் தவறும் என்று இயக்குபவரே எழுதிக் கொடுத்திருக்கிறார். அடுத்த விமானத்தில் இரண்டு இடம் போடுங்கள், வீல்சேரும் அதிலேயே பதிவாக வேண்டும்.” மறுநாள் மதிய விமானத்தில் இடம் கிடைத்தது. அப்போது வரிசையில் எங்களுக்குப் பின்னால் நின்ற இன்னொரு குடும்பம் விடியும்வரை காத்திருந்துவிட்டுப் பேசியது. அவர்களுக்கு அதற்கடுத்த நாள்தான் கிடைத்தது.

சாப்பாட்டுக் கூப்பனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்தக் கூப்பன் செல்லுபடியாகும் கடை ஒன்றே ஒன்று. அந்த நேரத்துக்கு அங்கே இருந்தது குளிர்ந்த சாண்ட்விச்சும் டப்பாவில் அடைத்த மாம்பழ ஜூஸும். சர்க்கரைக்காரருக்கு மாம்பழ ஜூஸ்! “ஏம்ப்பா, ஒரு இட்லி கிடைக்காதா?” என்று சித்தி மெதுவாகக் கேட்டார். மாத்திரை போடும் நேரம் தாண்டிப் போயிருந்தது. மறுபடி மேனேஜரிடம் போய், நோயாளி என்று சொன்னேன். பக்கத்துக் கடையிலிருந்து நாலு இட்லி வரவழைத்துக் கொடுத்தார். கேட்டதால் வந்தது. கேட்காமல் ஜூஸைக் குடித்துவிட்டு, இல்லாவிட்டால் பட்டினி கிடந்து, மயங்கி விழுந்தவர்களும் இருக்கிறார்கள். நம் பெரியவர்களுக்கு அடுத்தவரிடம் கேட்பதே ஒரு கூச்சம். அந்தக் கூச்சத்தைத்தான் முதலில் போக்க வேண்டும்.

விமானம் ராத்திரி ஒன்று ஐம்பதுக்குக் கிளம்பியது. போய் இறங்கியதும் பெரிய நிறுவனத்தின் கவுண்டரில் இன்னும் கொஞ்சம் பேச்சு. உங்கள் டிக்கெட்டில்தான் கனெக்‌ஷன் தவறியது, மதியம் வரை இந்த வயதில் இவரை நாற்காலியில் உட்கார வைக்க முடியாது என்று நிதானமாகச் சொன்னதும் ஹோட்டல் அறை தந்தார்கள்.

இதெல்லாம் தயவு தாட்சண்யத்தில் கிடைப்பதல்ல. இந்திய விமானப் போக்குவரத்து இயக்குநரகம், அதாவது டி.ஜி.சி.ஏ., 2010-லிருந்து இதற்கென்றே விதி வைத்திருக்கிறது. பயண நேரம் இரண்டரை மணி வரையுள்ள விமானம் இரண்டு மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமாகும் என்றால் சாப்பாடும் சிற்றுண்டியும் தர வேண்டும். இரண்டரையிலிருந்து ஐந்து மணி வரையுள்ள பயணத்துக்கு மூன்று மணி நேரத் தாமதம். அதற்கு மேற்பட்ட பயணத்துக்கு நான்கு மணி நேரம். உள்நாட்டு விமானம் ஆறு மணி நேரத்துக்கு மேல் தாமதம் என்றால் மாற்று விமானமா, முழுப் பணமா என்று பயணியைக் கேட்க வேண்டும். தாமதம் 24 மணி நேரத்தைத் தாண்டினால் ஹோட்டல். ராத்திரி எட்டு மணிக்கும் விடிகாலை மூன்று மணிக்கும் இடையில் கிளம்ப வேண்டிய விமானம் ஆறு மணி நேரத்துக்கு மேல் தாமதமானாலும் ஹோட்டல், போய்வர வண்டியும் சேர்த்து. இந்தக் கடைசி விதிதான் நம் ஊர் ராத்திரி விமானங்களுக்கு ரொம்ப முக்கியம். எங்கள் தாமதம் ஐந்து மணி பத்து நிமிஷம். ஆறைத் தொடவில்லை, சென்னையில் அறை இல்லை. சாப்பாடு மட்டும் உண்டு.

இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். நீங்கள் சரியான நேரத்தில் செக்-இன் செய்திருக்க வேண்டும். எப்படியும் தாமதம்தானே என்று வீட்டிலேயே இருந்துவிட்டால் உரிமை போய்விடும். அடுத்தது, தாமதத்துக்காக மட்டும் இந்திய விதியில் நஷ்ட ஈட்டுப் பணம் கிடையாது. விமானத்தை ரத்து செய்தால்தான் பயண நேரத்தைப் பொறுத்து ஐயாயிரம், ஏழாயிரத்து ஐந்நூறு, பத்தாயிரம் ரூபாய் வரை உண்டு. அதிலும் மூடுபனி, புயல் போன்ற காரணம் என்றால் அதுவும் இல்லை. எனக்கு இது அநியாயமாகத்தான் படுகிறது. மனிதன் ஒரு ராத்திரி முழுக்க நாற்காலியில் சுருண்டு கிடப்பதற்கு ஒரு விலையும் இல்லை என்பதை டி.ஜி.சி.ஏ. மாற்ற வேண்டும்.

“இது மலிவு டிக்கெட் சார், இதுல சாப்பாடெல்லாம் கிடையாது” என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். இதற்கு உச்ச நீதிமன்றமே பதில் சொல்லியிருக்கிறது. 2007 டிசம்பரில் டெல்லி மூடுபனியில் ஹைதராபாத் விமானம் ஒன்று மாட்டிக்கொண்டது. பயணிகள் மணிக்கணக்கில் விமானத்துக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார்கள். வழக்கு இன்டர்குளோப் ஏவியேஷன், அதாவது இண்டிகோவுக்கு எதிராக உச்ச நீதிமன்றம் வரை போய், 2011 ஜூலையில் தீர்ப்பு வந்தது. மூடுபனி நிறுவனத்தின் கையில் இல்லை, அவர்கள் செய்ய வேண்டியதைச் செய்திருக்கிறார்கள் என்று சொல்லி நஷ்ட ஈட்டை ரத்து செய்தது கோர்ட். ஆனால் அதே தீர்ப்பில், மலிவுக் கட்டண நிறுவனம் என்பதைக் காரணம் காட்டித் தாமத நேரத்தில் பயணிக்குச் செய்ய வேண்டிய குறைந்தபட்ச வசதிகளை மறுக்க முடியாது என்றும் தெளிவாகச் சொன்னது. தோற்ற பயணி நமக்கெல்லாம் வாங்கிக் கொடுத்த உரிமை அது.

வெளிநாட்டுப் பயணம் என்றால் இன்னொரு பலம் இருக்கிறது: 1999-ஆம் ஆண்டின் மாண்ட்ரியல் ஒப்பந்தம். இந்தியா 2009-ல் இதில் சேர்ந்தது. கூட்டாளி விமானங்களில் போகிறவர்கள் இதன் ஒரு பகுதியைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். டிக்கெட் விற்றவர், விமானத்தை இயக்கியவர், இருவரில் யார் மீது வேண்டுமானாலும், இருவர் மீதும் சேர்த்தும்கூட, பயணி வழக்குப் போடலாம் என்கிறது ஒப்பந்தம். யார் மீது என்பது பயணியின் விருப்பம். ஆக, அவரைக் கேள், இவரைக் கேள் என்று அலைக்கழிக்கும் விளையாட்டு கவுண்டரில்தான் நடக்கும், கோர்ட்டில் செல்லாது. ஒரே ஒப்பந்தத்தில் வாங்கிய வெளிநாட்டுப் பயணமாக இருந்தால், சென்னையிலிருந்து டெல்லி வரையுள்ள உள்நாட்டுப் பகுதியும் அந்த வெளிநாட்டுப் பயணத்தின் அங்கம்தான். தாமதத்தால் ஏற்பட்ட நஷ்டத்துக்கு ஒருவருக்கு உச்ச வரம்பு, எஸ்.டி.ஆர். என்ற சர்வதேசக் கணக்கு அலகில், 6,303; 2024 டிசம்பர் 28 முதல் இந்த அளவு. ரூபாயில் ஏழு லட்சத்துக்கு மேல் வரும். இது வரம்பு, பரிசு அல்ல. வீணான ஹோட்டல் முன்பதிவு, புதிதாக வாங்கிய டிக்கெட், வாடகைக் கார் என்று பில்லோடு காட்டக்கூடிய நஷ்டம்தான் கிடைக்கும். தாமதத்தைத் தவிர்க்க நியாயமாகச் செய்யக்கூடியதை எல்லாம் செய்தோம் என்று நிறுவனம் நிரூபித்துவிட்டால் அதுவும் இல்லை. இரண்டு வருஷத்துக்குள் வழக்குப் போட வேண்டும். பெட்டி தாமதமாக வந்தால், வந்து சேர்ந்த நாளிலிருந்து 21 நாளுக்குள் எழுத்தில் புகார் கொடுத்துவிட வேண்டும்.

பிற நாடுகளில் இதைவிட நல்ல விதிகள் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து கிளம்பும் விமானம் எந்த நாட்டுடையதாக இருந்தாலும், கடைசி ஊருக்கு மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமாகப் போய்ச் சேர்ந்தால் 250 முதல் 600 யூரோ வரை கேட்கலாம். 2004-ல் வந்த 261-ஆம் எண் விதியும், அதை விளக்கி 2009-ல் ஐரோப்பிய நீதிமன்றம் தந்த தீர்ப்பும் அதற்கு ஆதாரம். அங்கே பணம் தர வேண்டியவர் விமானத்தை இயக்குபவர்தான். டிக்கெட் மீது யார் பெயர் இருந்தாலும் சரி. பாரிஸிலும் ஃபிராங்ஃபர்ட்டிலும் இருக்கும் நம் ஆட்களில் எத்தனையோ பேர் இதைக் கேட்காமலேயே விட்டுவிடுகிறார்கள். மலேசியாவில் இரண்டு மணி நேரத்தைத் தாண்டினால் சாப்பாடு. 2024 செப்டம்பர் 2 முதல், ஐந்து மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமானால் பயணத்தை வேண்டாம் என்று சொல்லிக் கட்டிய பணத்தைக் கட்டிய வழியிலேயே முப்பது நாளுக்குள் திரும்பப் பெறலாம். திருச்சி, சென்னை, கோலாலம்பூர் என்று அலைகிற குடும்பங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டிய விதி.

டிக்கெட் போடும்போதே செய்ய வேண்டியவை இருக்கின்றன. மொத்தப் பயணமும் ஒரே டிக்கெட்டில் இருக்கட்டும். இரண்டாயிரம் ரூபாய் குறைகிறது என்று தனித்தனி டிக்கெட்டாகப் போட்டால், முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால் புது டிக்கெட் உங்கள் காசு. கூட்டாளி விமானம் இருக்கும் இடத்தில் கனெக்‌ஷனுக்கு மூன்று நாலு மணி நேரமாவது விடுங்கள். வெளிநாட்டிலிருந்து வரும்போது இன்னும் கூட. மும்பையிலோ டெல்லியிலோ இறங்கினால் பெரும்பாலும் அங்கேயே பெட்டியை எடுத்து, கஸ்டம்ஸ் தாண்டி, மறுபடி போட்டுவிட்டுத்தான் சென்னை விமானத்துக்கு வர முடியும். பெரியவர்களுக்கு அந்த நடையே ஒரு மணி நேரம்.

பி.என்.ஆர். இரண்டு இருக்கும் என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. டிக்கெட் விற்றவருடையது ஒன்று, இயக்குபவருடையது ஒன்று. வெப் செக்-இன்னும் இருக்கைத் தேர்வும் பெரும்பாலும் இயக்குபவருடைய எண்ணில்தான் நடக்கும். தாமதச் செய்தியும் அவர்களிடமிருந்துதான் வரும். அவர்களிடம் உங்கள் போன் நம்பர் போய்ச் சேர்ந்திருக்காது. டிக்கெட் வாங்கிய அன்றே பெரிய நிறுவனத்திடம் அந்த இரண்டாவது எண்ணைக் கேட்டு வாங்கி, இயக்குபவரின் தளத்தில் போய் போன் நம்பரைச் சேர்த்துவிடுங்கள். அம்மாவுடைய நம்பரோடு உங்கள் நம்பரையும். பெட்டி எடையும் பாருங்கள், பெரிய நிறுவனம் ஒரு அளவு, கூட்டாளி வேறு அளவு என்று எங்காவது சிக்கும்.

கைப்பையில் என்ன இருக்க வேண்டும் என்பதை நான் வீட்டில் எல்லோருக்கும் எழுதிக் கொடுத்துவிடுவேன். மாத்திரைகள் இரண்டு நாளுக்குக் கூடுதலாக, டாக்டர் சீட்டோடு. இன்சுலின் கண்டிப்பாகக் கையில்தான், சரக்குப் பகுதியின் குளிரில் அது கெட்டுப்போகும். ஒரு சால்வை, ஏனென்றால் ராத்திரியில் அந்த ஏசி எலும்பைத் துளைக்கும். சார்ஜர், பவர் பேங்க். பொடி தடவிய இட்லியோ, சப்பாத்தியோ, கடலை மிட்டாயோ. அப்புறம் ஒரு காகிதம்: டிக்கெட் எண், இரண்டு பி.என்.ஆர்., இரண்டு நிறுவனத்தின் போன் நம்பர், பிள்ளையின் போன் நம்பர், ‘எனக்குச் சர்க்கரை வியாதி, உணவு வேண்டும்’ என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. பெரிய எழுத்தில் அச்சடித்துக் கொடுங்கள். போனில் சார்ஜ் போய்விட்டால் காகிதம்தான் துணை.

இடையில் மாறும் நாட்டின் விசா நிலவரமும் பார்க்க வேண்டும். சிங்கப்பூரில் விசா இல்லாத இந்தியப் பாஸ்போர்ட்டுக்காரருக்கு நிறுவனம் ஊருக்குள் ஹோட்டல் கொடுத்தாலும் இமிக்ரேஷன் தாண்டிப் போவது சுலபமல்ல. டிரான்சிட் பகுதிக்குள்ளேயே இருக்கும் ஹோட்டலில் அறை கேட்க வேண்டும்.

ஊர் போய்ச் சேர்ந்த பிறகு பெரும்பாலோர் களைப்பில் விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள். போர்டிங் பாஸ், தாமத மெயில், குறுஞ்செய்தி, வாங்கிய சாப்பாட்டு பில் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். தாமதத்துக்கான காரணத்தை எழுதிச் சான்றிதழ் கேளுங்கள். பயண இன்ஷூரன்ஸ் எடுத்திருந்தால் அது இல்லாமல் நகராது. இரண்டு நிறுவனத்துக்கும் ஒரே மெயிலில் எழுதுங்கள், ஒருவர் மற்றவரைக் கைகாட்டும்போது மற்றவரும் அதைப் படிக்கட்டும். பதில் வராவிட்டால் விமானத் துறை அமைச்சகத்தின் ஏர்சேவா தளத்தில் புகார் போடலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டத்தின்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், ஆன்லைனிலும் முடியும். ஐந்து லட்சம் ரூபாய் வரையுள்ள விஷயத்துக்குக் கட்டணமும் இல்லை. நிறுவனத்தின் தலைமை அலுவலகம் எங்கே இருந்தாலும் தஞ்சாவூர்க்காரர் தஞ்சாவூரிலேயே கேட்கலாம்.

கவுண்டரில் நிற்கும் பிள்ளைகளிடம் மட்டும் குரலை உயர்த்தாதீர்கள். பெரும்பாலும் அவர்கள் அந்த விமான நிறுவனத்தின் ஊழியர்களே அல்ல, ஒப்பந்தக் கம்பெனி ஆட்கள். விமானத்தைக் கிளப்பும் அதிகாரமும் கிடையாது, ஹோட்டல் தரும் அதிகாரமும் கிடையாது. 2024 ஜனவரியில் டெல்லியில் தாமத அறிவிப்பு செய்த பைலட்டை ஒரு பயணி அடித்த காட்சியை எல்லோரும் பார்த்தோம். அவர் மீது வழக்குதான் வந்தது. அதிகாரம் உள்ளவர் யார் என்று கேட்டு, அவரிடம் நிதானமாக, எழுத்தில் கேளுங்கள்.

வெளிநாட்டில் உட்கார்ந்து அப்பா அம்மாவுக்கு டிக்கெட் போடும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை பணம் கட்டும் பொத்தானை அழுத்துமுன், அந்தப் பொடி எழுத்து வரியைப் படியுங்கள். கூட்டாளி விமானம் என்றால், எந்தக் கவுண்டரில் சாப்பாடு கேட்க வேண்டும், எந்த நம்பரில் அடுத்த விமானம் கேட்க வேண்டும் என்பதை அவர்களுக்கு இரண்டு நிமிஷம் போனில் சொல்லிக் கொடுத்துவிட்டு அனுப்பி வையுங்கள்.